ஒரு வார்டுக்கு ஒரு நோட்டு: குமரி மாவட்டத்தில் நலத்திட்டங்கள் உரியவர் கைக்குச் சேர முழுமையான வழிகாட்டி

கருங்கல் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மனு எழுதிக் கொடுக்கத் தொடங்கிய காலம். ஒரு பாட்டி வந்தார். "மக்களே, மூணு தவண எழுதிக் குடுத்தாச்சு. ஒண்ணும் வரல்ல பாத்துக்க" என்றார். மூன்று முறையும் யாரிடம் கொடுத்தார், எந்த மாதம், ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. முதியோர் ஓய்வூதியத்துக்கு எல்லாத் தகுதியும் உள்ளவர். எழுதிக் கொடுத்தவர்களும் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த மூன்று தாள்களும் எங்கே போயின என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அன்று மாலையே நீள வாக்கில் கோடு போட்ட ஒரு கணக்கு நோட்டு வாங்கினேன். அந்த நோட்டு கற்றுத் தந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். திட்டங்கள் நிறைய இருக்கின்றன, பணமும் ஒதுக்குகிறார்கள். வீட்டு வாசலுக்கும் அலுவலக மேசைக்கும் நடுவில் தாள் தொலைகிறது, தேதி தொலைகிறது, பெயர் மாறுகிறது. ஊர்க்காரர்களாக நம் கைக்கு எட்டுகிற இடம் அந்த நடுவழிதான். மகளிர் குழுவில் இருப்பவர்கள், வார்டு உறுப்பினர்கள், நூலகப் பொறுப்பாளர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என யாரும் இதை நடத்தலாம். மூன்று பேர் போதும்.

முதல் படி: எல்லையைச் சுருக்குங்கள்

"ஊர் முழுக்கச் செய்வோம்" என்று கிளம்பினால் இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடுவீர்கள். ஒரு வார்டு, அதிலும் 200 அல்லது 250 வீடுகளோடு தொடங்குங்கள்.

வார்டு எந்த வகை உள்ளாட்சியில் இருக்கிறது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் இது பெரிய விஷயம். 9 ஒன்றியங்களில் 95 கிராம ஊராட்சிகள் இருக்க, பேரூராட்சிகள் மட்டுமே ஐம்பதுக்கு மேல். பார்த்தால் தென்னையும் வாழையும் ரப்பரும் நிற்கிற கிராமம்தான், ஆனால் தாளில் பேரூராட்சி. ஊராட்சிக்கான ஊரக வேலைத்திட்டம் (ஊர்ப் பேச்சில் நூறு நாள் வேலை) அங்கே கிடையாது. பக்கத்து ஊராட்சியில் சொந்தக்காரி வேலைக்குப் போகிறாளே என்று நினைத்து ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்த பெண்களை எனக்குத் தெரியும். நோட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வைத்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

வட்டத்தையும் எழுதுங்கள். நீண்ட காலம் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு வட்டங்கள்தான். பிறகு கிள்ளியூரும் திருவட்டாறும் தனி வட்டங்களாயின. பழைய பத்திரத்திலும் சான்றிதழிலும் விளவங்கோடு என்றிருக்கும். வயதானவர்கள் கால் போன போக்கில், விளவங்கோடு வட்ட அலுவலகம் இருக்கும் குழித்துறைக்கே போய் நிற்பார்கள். கல்குளம் வட்டாட்சியர் அலுவலகம் தக்கலையிலும், தோவாளையின் அலுவலகம் பூதப்பாண்டியிலும் இருப்பது வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்களுக்குப் புரியாத ஒன்று.

புதிதாகச் சங்கம் தொடங்க வேண்டாம். கடப்புறத்திலும் பல பங்குகளிலும் அன்பியங்கள் (கத்தோலிக்கப் பங்கின் சிறு வீட்டுக் குழுக்கள்) ஏற்கெனவே வீடுகளைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஜமாஅத்துகள் இருக்கின்றன, ஊர்வகைக் கமிட்டிகள் இருக்கின்றன, சுய உதவிக் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அந்தப் பிரிவுகளையே பயன்படுத்துங்கள். ஒரே ஒரு கண்டிப்பு: வார்டில் உள்ள வீடு எந்தச் சாதி, எந்த மதம், எந்தக் கட்சி என்று பார்க்காமல் நோட்டில் ஏற வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் நோட்டின் மேல் மொத்த ஊருக்கும் நம்பிக்கை போய்விடும்.

இரண்டாம் படி: வீடு வீடாகப் போய்க் கேளுங்கள்

ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். "உங்களுக்கு என்ன திட்டம் வேணும்?" என்று கேட்காதீர்கள். அது நம்மால் நிறைவேற்ற முடியாத வாக்குறுதி போல ஒலிக்கும். "வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேளுங்கள். 60 வயது தாண்டியவர் யார், கணவரை இழந்தவர் யார், மாற்றுத்திறனாளி உண்டா, அவருக்கு அடையாள அட்டை உண்டா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எத்தனை, கடலுக்குப் போகிறவர் யார், கட்டடவேலை, தையல், அண்டியாபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) வேலை செய்கிறவர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரேஷன் அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். 2017 முதல் வந்த ஸ்மார்ட் அட்டையில் ஒரு குறியீடு இருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய். என்றும் இருந்தால் அந்தியோதயா, மாதம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாதது. அதிலேயே சர்க்கரை மட்டும் வாங்கும் அட்டையும், எதுவும் வாங்காத அட்டையும் உண்டு. தனியாக வாழும் கைம்பெண்ணின் அட்டை சர்க்கரை அட்டையாக இருக்கிறது என்பது பல வீடுகளில் அவருக்கே தெரியாது.

ஆதார் நகலைச் சேகரிக்காதீர்கள். நோட்டில் கடைசி நான்கு எண்கள் போதும். யாருடைய ஓ.டி.பி.யையும் கேட்காதீர்கள். பேருந்துக் காசுகூட வாங்காதீர்கள். இதில் தளர்ந்தால் மற்றது எதுவும் நிற்காது.

மூன்றாம் படி: பெயரைச் சரிபாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். என் கணக்கில், நின்றுபோகும் மனுக்களில் அதிகம் நிற்பது இங்கேதான்.

குமரி மாவட்டத்துக்கென்று ஒரு பெயர்ச் சிக்கல் இருக்கிறது. ஒரு வீட்டில் ரேஷன் அட்டையில் "றோஸம்மாள்", ஆதாரில் "ரோசம்மாள்", வங்கிப் புத்தகத்தில் "ரோஸ் அம்மாள்". நம் ஊரில் றோஸும் றாபர்ட்டும் வல்லின றகரத்தோடுதான் வளர்ந்தார்கள். கணினிக்கு அது வேறொரு ஆள். சரோஜம் சரோஜாவாகிறார், தங்கம்மை தங்கம்மாளாகிறார். இது போதாதென்று வீட்டுப்பெயரும் விளைப்பெயரும் (தோட்டத்தின் பெயர்) முன்னால் ஒட்டிக்கொள்ளும். தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒரு தாளிலும், கணவர் பெயரின் முதலெழுத்து இன்னொரு தாளிலும் இருக்கும்.

வயதுச் சான்றிலும் இதே கதை. 1956 நவம்பர் 1 அன்று தாய்த் தமிழகத்தோடு சேரும் வரை நாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தோம். அக்காலத்துப் பத்திரமும் பள்ளிச் சான்றும் மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணி வாக்கில் தொடங்குவதால், 1120 என்று எழுதியிருந்தால் அது 1944 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1945 ஆகஸ்ட் நடுவு வரை. 824 கூட்டுவதா 825 கூட்டுவதா என்பது மாதத்தைப் பொறுத்தது. இதைத் தவறாகக் கூட்டி ஆதாரில் ஒரு வயது குறைந்துபோனவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்களானால் கோயில் திருமுழுக்குப் பதிவேட்டில் உள்ள தேதியையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருத்தம் செய்யும் முன் ஒரு எச்சரிக்கை. ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள், பெயரை இரண்டு முறை. ஆகவே எந்தத் தாளை அடிப்படையாக வைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு இணங்க மாற்றுங்கள். நாங்கள் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் சிவப்பு மையில் "அடிப்படைப் பெயர்" என்று ஒரு வரி எழுதுவோம். அதன்பிறகு எந்த விண்ணப்பத்திலும் அந்த எழுத்து மாறாது.

நான்காம் படி: எந்தத் தாள் எந்த மேசைக்கு

முதியோர், கைம்பெண் ஓய்வூதியங்கள் வருவாய்த் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். கட்டடத் தொழிலாளர், தையல் தொழிலாளர் போன்ற நலவாரியங்கள் தொழிலாளர் துறையில் இருக்கின்றன. அந்த அலுவலகத்தின் பெயரிலும் "சமூகப் பாதுகாப்புத் திட்டம்" வரும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் ஆட்கள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் அலைகிறார்கள். ரேஷன் அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலர். மீனவர் நிவாரணத்துக்கு மீன்வளத் துறை உதவி இயக்குநர். சாதிச் சான்றைப் பெரும்பாலும் வட்டாட்சியர் அளவிலேயே முடிப்பார்கள், காணி மக்கள் போன்ற பழங்குடியினருக்கு மட்டும் கோட்ட அளவில் சார் ஆட்சியரோ கோட்டாட்சியரோ தர வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி நூலகச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

ஐந்தாம் படி: மனு கொடுத்த நாளிலிருந்து கணக்கு

இ-சேவை மையத்தில் பதியும்போது, கடைசி பொத்தானை அழுத்தும் முன் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி ஒரு முறை வாசித்துப் பார்க்க விண்ணப்பதாரரைப் பழக்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரோடு ஒரு ஆள் போக வேண்டும். ஒப்புகை எண்ணை அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லாமல் யாரும் மையத்தை விட்டு இறங்கக் கூடாது என்பது எங்கள் திண்ணைச் சட்டம்.

அதன்பிறகு நான்கு தேதிகள். பதிந்த நாள், கிராம நிர்வாக அலுவலர் விசாரித்த நாள், வருவாய் ஆய்வாளர் பரிந்துரைத்த நாள், வட்டாட்சியர் உத்தரவு போட்ட நாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் எத்தனை நாள் ஆனது என்று பக்கத்தில் எழுதுங்கள். நோட்டில் இருபது முப்பது மனுக்கள் சேர்ந்ததும் ஒரு விஷயம் தானாகவே தெரியவரும். தாமதம் எல்லா மேசையிலும் ஒரே மாதிரி இருக்காது. எங்கோ ஓரிடத்தில்தான் குவிந்திருக்கும்.

எங்கள் வார்டில் அது விசாரணையில் குவிந்திருந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்த வேளைகளில் மனுதாரர் வீட்டில் இல்லை. அண்டியாபீசுக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் விளையில் விறகு பொறுக்கப் போயிருப்பார். "ஆள் இல்லை" என்று எழுதப்பட்ட மனு அப்படியே கிடக்கும். நாங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. நிலுவையில் இருந்த மனுக்களைத் தெரு வாரியாக ஒரே தாளில் எழுதி, "ஞாயிற்றுக்கிழமை முடியாது என்றால் உங்களுக்கு வசதியான ஒரு காலை நேரத்தைச் சொல்லுங்கள், எல்லாரையும் நூலகத்துக்கு வரச் சொல்கிறோம்" என்று கேட்டோம். அவருக்கும் அது உதவியாக இருந்தது. ஒரே காலையில் முடித்துக்கொண்டு போனார். அலுவலரை எதிரியாக நினைத்துத் தொடங்காதீர்கள். அவர் மேசையிலும் நம் நோட்டைப் போல ஒன்று இல்லாததுதான் பல நேரம் பிரச்சினை.

ஆறாம் படி: பதியாத விரல்கள்

அண்டிப் பருப்பு உடைக்கிற பெண்களின் விரல் நுனியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கொட்டை ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். நுனி கறுத்து, தோல் உரிந்து, ரேகை இருந்த இடம் வழவழப்பாகக் கிடக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் தப்பாது. ரப்பர் ஷீட் போடுகிறவர்களுக்கும் அமிலத்தில் கை நனைவதால் இதே கதி. நாற்பது ஆண்டு உழைத்ததன் அடையாளம் அந்த விரல்கள். அதே விரலை ரேஷன் கடை இயந்திரம் "பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்புகிறது. "பதிய மாட்டேங்கு மக்களே" என்று சொல்லிப் பை வெறுமையாகத் திரும்பிய ஒருவரைப் பார்த்த பிறகுதான் இதை நோட்டில் தனிப்பக்கமாக எழுதினோம்.

செய்ய வேண்டியவை இவை. ஆதார் மையத்தில் பத்து விரல்களையும் கண் கருவிழியையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பத்தில் எந்த விரல் நன்றாகப் பதிகிறது என்று பார்த்து நோட்டில் குறியுங்கள். சுண்டுவிரல் பலருக்குக் கைகொடுக்கிறது, உடைக்கும்போது அது அதிகம் படாது. கருவிழிக் கருவி இருக்கும் கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். நடக்க முடியாதவர் தன் சார்பில் வாங்க இன்னொருவரை நியமிக்கும் அங்கீகாரப் படிவத்தை வட்ட வழங்கல் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புதல் பெறலாம். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டிலேயே கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்டில் தொடங்கியது. அதில் உங்கள் வார்டின் பெயர்கள் எல்லாம் ஏறியிருக்கின்றனவா என்று கடையில் போய்ப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

ஏழாம் படி: வர முடியாதவர்களின் நேரம்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முகாம் என்று அறிவித்தால் நம் மாவட்டத்தில் யார் வருவார்கள் என்று யோசியுங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியும் முன்பே தோட்டத்தில் இருப்பார், பாலெடுத்து ஷீட் அடித்து முடிக்க மதியமாகும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் உள்ள காணிக் குடியிருப்புகளுக்குப் படகு பார்த்துத்தான் வர வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம்தான் கடலோர மனுக்களுக்கு அறுவடைக் காலம். நம் மாவட்டத்துக்கு இரண்டு கடற்கரை, இரண்டு தடைக்காலம். கிழக்குப் பக்கம் சின்னமுட்டம் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மணக்குடியிலிருந்து நீரோடி வரையான மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாட்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். பெயர்த் திருத்தம், வாரியப் புதுப்பிப்பு, வங்கி வேலை எல்லாவற்றையும் அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோர வார்டில் நோட்டு வைத்திருப்பவர்கள், யார் எந்தப் படகில் போகிறார் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் வீசியபோது கடலில் இருந்தவர் யார் யார் என்பதற்கு முழுமையான பட்டியல் எந்த அலுவலகத்திலும் இல்லை. பங்குகளில் வீடு வீடாகக் கேட்டுக் கையால் எழுதிய பட்டியல்களைக் கொண்டுதான் அந்த நாட்களில் பேச முடிந்தது. அந்த வேதனையை இன்னொரு முறை ஒன்றுமில்லாத தாளோடு சந்திக்கக் கூடாது.

எட்டாம் படி: பணம் வந்ததா என்று பாருங்கள்

உத்தரவு வந்ததோடு நோட்டை மூடிவிடாதீர்கள். முதியோர் ஓய்வூதியம் 2023 இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. உத்தரவு கையில் இருந்தும் அந்தப் பணம் வராதவர்கள் உண்டு. ஆதார் வழியாக அனுப்பப்படும் எந்த உதவித்தொகையும், ஆதார் எண் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அதில்தான் விழும். மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியபோது திறந்த கணக்கு, குழுக் கடனுக்குத் திறந்த கணக்கு என்று மறந்துபோன ஒன்றில் மாதா மாதம் பணம் சேர்ந்துகொண்டிருக்கும். கணக்குக்காரர் இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கு செயலற்றதாகிவிடலாம். வங்கியில் போய் "எந்தக் கணக்கில் ஆதார் இணைப்பு இருக்கிறது?" என்று கேட்டு, வேண்டிய கணக்குக்கு மாற்றி எழுதிக் கொடுங்கள்.

ஒன்பதாம் படி: கிடைக்காவிட்டால்

மூன்று வரி மனுதான் வேலை செய்யும். வாழ்க்கை வரலாறு வேண்டாம். ஒப்புகை எண், பதிந்த தேதி, இப்போது எங்கே நிற்கிறது, என்ன வேண்டும். திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ரேஷன் குறைகளுக்கு மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவிலான முகாம், தொலைபேசியில் 1967. பொதுக் குறைகளுக்கு முதல்வரின் உதவி மையம் 1100. எதில் சொன்னாலும் புகார் எண்ணை நோட்டில் ஏற்றுங்கள். ஆட்சியரிடம் நேராகப் போவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனுவும் திரும்பி அதே வட்டாட்சியர் மேசைக்குத்தான் வரும், நடுவில் சில வாரங்கள் போகும்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. "ஏன் தரவில்லை?" என்று கேட்டால் வாதம்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: "இன்ன எண்ணுள்ள என் மனு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்தப் பதவியில் உள்ளவரிடம் இருந்தது என்ற விவரமும், அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகலும் தேவை." பல மனுக்கள் பதிலுக்கு முன்னாலேயே நகர்ந்துவிடுகின்றன. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பத்தாம் படி: சபையில் வாசியுங்கள்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடைசி நாள் உள்ளாட்சி தினம், நமக்கோ தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே. நம் ஊராட்சிகளின் பிரதிநிதிகள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அப்படி உறுப்பினர் இல்லாத காலத்தில் சபையில் பேசுகிறவர்களின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை.

சபையில் தனி ஆளின் குறையைப் பேசாதீர்கள், அவரைக் கூட்டத்தில் நிறுத்தி வைப்பதுபோல் ஆகிவிடும். நோட்டிலிருந்து எண்ணிக்கையை வாசியுங்கள். இத்தனை மனு, இத்தனை முடிந்தது, இத்தனை இந்தக் கட்டத்தில் இத்தனை நாளாக நிற்கிறது. பெயர் வேண்டாம். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், எழுதும் வரை எழுந்து போகாதீர்கள்.

மாதம் ஒரு முறை

மாதத்தின் கடைசி ஞாயிறு மூன்று பேரும் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் புரட்டுங்கள். யாருக்கு இந்த மாதம் 60 ஆகிறது, யாருடைய வாரியப் புதுப்பிப்பு வருகிறது, யாருக்குப் பணம் நின்றது என்று பாருங்கள். இறந்தவர் பெயரையும் அன்றே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அந்த ஓய்வூதியத்தை வீட்டார் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தால், பிறகு மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதம் வரும். துக்க வீட்டில் இதைப் பேசுவது கடினம். பதினாறு முடியட்டும் என்று காத்திருந்து, தணிந்த குரலில் சொல்வோம்.

அதே பக்கத்தில், அந்தப் பெயருக்குக் கீழே, இன்னொரு வரியும் தொடங்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், மனைவி இருந்தால் அவருக்கான ஓய்வூதிய மனு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள வீட்டில் 18 முதல் 59 வயதுக்குள் குடும்பத்தைத் தாங்கியவர் இறந்திருந்தால், தேசியக் குடும்ப நல உதவித் திட்டத்தில் 20,000 ரூபாய். மூன்று முறை எழுதிக் கொடுத்தும் ஒன்றும் வரவில்லை என்று வந்த பாட்டியின் பக்கம் இப்போது அவருடைய மருமகளின் பெயரில் இருக்கிறது. அடிப்படைப் பெயர் சிவப்பு மையில் எழுதியாயிற்று, ஒப்புகை எண்ணும் பக்கத்திலேயே இருக்கிறது.